நாலு இஞ்ச் வட்டம்

பாளையங்கோட்டை மகாராஜநகரில்
இரண்டாவது மாடித் தளத்தில் ஒரு துளை,
நாலு இஞ்ச் குழாய்க்கு.
வீடு கட்டும்போது எல்லோரும் மறந்துபோன துளை.
மேலே ஒரு குளியலறை வேண்டுமென்று
மருமகள் வந்தபிறகுதான்
ஞாபகம் வந்திருக்கிறது.

போல்ட் அடித்து மிஷினை நிறுத்தினேன்.
கீழ்த்தளத்தில் சொரிமுத்து
மணல் மூட்டையோடு காத்து நின்றான்.
தண்ணீரைத் திறந்ததும்
சாம்பல்நிறப் பால் சுழன்று வழிந்தது.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
வீட்டுக்கார அம்மாள் படியேறி வந்தார்.
காதில் ஏழுகல் தோடு.
பதினோரு மணி வெயிலை அது
பூசாத சுவரில் துண்டுதுண்டாகப் போட்டது.

"ஒரு ஓட்டைக்கு எவ்வளவு கேக்கீங்க?"
சொன்னேன்.
"ஏயம்மா! என்ன, வைரத்தாலயா போடுதீங்க?"
"ஆமாக்கா."

நிறுத்திக் காட்டினேன்.
குழாயின் விளிம்பில் ஒன்பது பற்கள்.
பல்லுக்குள் புதைந்து கிடக்கும்
பொடிவைரம், ஆலையில் சமைத்தது.
பார்வைக்குச் சட்டியடியில் பிடித்த கரி.
தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் சேறு.
"மினுங்கவே இல்லையே."
"மினுங்கிக்கிட்டு இருந்தா
கம்பிய யாரு அறுக்க?"

சிரிக்கவில்லை அவர்.
படிப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு
தோட்டைத் தொட்டுக்கொண்டு சொன்னார்:
"இது அமெரிக்கன் கல்லு, தம்பி.
அசலு புளூ ஜாகரு. எங்கம்மை போட்டது.
இந்த மாடி தளம் போட்டப்போ
சிமெண்டும் கம்பியுமாப் போயிட்டு.
மருமவளுக்குத் தெரியாண்டாம்."

என்ன சொல்வதென்று தெரியாமல்
மிஷினைப் போட்டேன்.
கம்பியில் பல் ஏறும்போது
எப்போதும் ஒரு கீச்சு வரும்.
அன்று அது கொஞ்சம் அதிகமாகக் கேட்டது,
அல்லது நான் அதிகமாகக் கேட்டேன்.

"ஏல, வருது!"
மணலில் தொப்பென்று விழுந்தது உருளை.
உள்ளே அறுபட்ட கம்பி இரண்டு,
புது நாணயம்போல.
துளை வழியாகக் கீழிருந்து சொரிமுத்து
ஒற்றைக் கண்ணால் வானம் பார்த்தான்.

"இந்தக் கட்டைய என்ன செய்வீங்க?"
"வீட்டுக்குக் கொண்டுபோவேன்க்கா."
"எதுக்கு?"
"கூரைக்கு."
பைத்தியம் என்று நினைத்திருக்கலாம்.
பேரம் பேசாமல் முழுப்பணமும் கொடுத்தார்.

வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டு.
யார் எதை வேய்ந்தானோ,
இப்போது அங்கே இருப்பது காங்கிரீட்.
பணகுடி பஸ்ஸில் ஜன்னலோரம்,
மடியில் உருளை.
மூன்றடைப்பில் ஓலை.
நாங்குநேரியில் ஓடு, இடையிடையே
கண்ணாடி ஓடு பதித்தது.
வள்ளியூர் தாண்டியதும் ஆஸ்பெஸ்டாஸ்,
நீலத் தகரம், தகரத்தின் மேல் ஃப்ளெக்ஸ்,
ஃப்ளெக்ஸில் ஒரு வேட்பாளரின் பாதிச் சிரிப்பு.
அப்புறம் காற்றாடிகள்.

எங்கள் ஊரில் ஆடிக்காற்று
கூரையைத் தட்டாது, உரிக்கும்.
போன வருசம் எங்கள் தகரம் ஒன்று
பறந்துபோய் யாக்கோபு வீட்டு முருங்கையை
இடுப்போடு வெட்டிப் போட்டது.
அதன்பிறகுதான் இந்தக் கட்டைகள்.
இது பன்னிரண்டாவது.
ஏணியில் நின்றபடி எனக்கு ஒவ்வொன்றும் தெரியும்:
இது ஐகிரவுண்டு லாட்ஜின் ஏ.சி. துளை,
இது பேட்டை ரைஸ்மில்,
இது அம்பாசமுத்திரத்தில் பணமே வராத வீடு.
ஊரார் தளத்தின் ஓட்டைகள் எல்லாம்
என் வீட்டை அமுக்கிப் பிடித்திருக்கின்றன.

புதுக்கட்டையைத் தகரத்தின் மேலேற்றி வைத்தேன்.
அதிலிருந்து கொஞ்சம் பொடி
காற்றில் கலந்து மேற்கே போகாமல்
என் கண்ணுக்கே வந்தது.

மறுநாள் ஞாயிறு. சோலி இல்லை.
நடுப்பகல் வரை படுத்துக் கிடந்தேன்.
ஆணி கழன்ற இடங்களின் வழியே
வெளிச்சம் இறங்கித் தரையில் நின்றது,
வட்டவட்டமாக, நடுங்கிக்கொண்டு.
உலகம்மை அரிசி களைந்த கையோடு வந்து
நின்று எண்ணினாள்.
"ஏழு" என்றாள்.
"எம்-சீல் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்க."